பதினாலாம் வீட்டின் இரண்டாவது கோடு

அத்தியாயம் 9

சுட்ட குடமிளகாய் வாசம் மாடியேறி வந்துவிட்டால் பல்கேரியாவின் பெர்னிக் ஊரில் ஒருவரும் வீட்டுக்குள் அடைந்து கிடக்க மாட்டார்கள். செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை. வெயில் ஏறுமுன்பே கட்டடத்தின் பின்பக்கத்தில் அண்டா ஏறிவிட்டது. பதினெட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அண்டா, குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தடவிக்கொள்ள ஒரே லூத்தெனிட்சாத் தொக்கு. ஒரு பக்கம் சுட்ட மிளகாய்க்குத் தோல் உரிக்கிறார்கள், இன்னொரு பக்கம் தக்காளி அரைபடுகிறது, நடுவில் ஆளுயரத் துடுப்போடு ஸ்தாமென் நிற்கிறார்.

ஸ்தாமென் துடுப்பைப் பிடித்தால் கடைசிப் புட்டியை மூடும்வரை வேறு ஒருவர் கைக்கும் கொடுக்க மாட்டார். முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் கரி வெட்டிய கை அது. நெருப்பு அவர் சொன்னபடி கேட்கும் என்பார்கள். அவர்தான் மகள் சொன்னபடி கேட்க மாட்டார்.

அந்த மகள் இஸ்க்ராவைத்தான் போன வாரம் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது விட்டுவிட்டு வந்தோம். மருந்துக்கடை வேலை போக மீதி நேரமெல்லாம் அவள் இந்தக் கட்டடத்துக்கு நிர்வாகி. சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. ஆறு மாதமாக ஒரே காரியத்தின் பின்னால் அலைகிறாள். நகராட்சித் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. காகிதம் போல மெலிந்த இந்தக் கான்கிரீட் சுவர்களுக்கு வெளியே கனமாக ஓர் உறை போடுவார்கள், ஓட்டை ஜன்னல்களை மாற்றுவார்கள், மொட்டை மாடியில் சூரியத் தகடு வைப்பார்கள். பதிலுக்கு வீட்டுக்கு வீடு எரியும் கரி அடுப்புகள் போக வேண்டும், ஜன்னலைத் துளைத்துக்கொண்டு நீட்டியிருக்கும் புகைக்குழாய்களும் போக வேண்டும்.

கட்டடத்தில் உரிமையுள்ள அத்தனை பேரும் நிர்வாகியின் முன்னால் நேரில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மொத்தக் கட்டடமும் பட்டியலிலிருந்து போய்விடும். கடைசி நாள் வருகிற திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

முதலில் ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து, பூமி சூடாவதைப் பற்றித் திரையில் படம் படமாகக் காட்டினாள். வந்தது ஆறு பேர், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அன்றைக்குத்தான் இஸ்க்ராவுக்குப் புத்தி வந்தது. மறுநாளே ஐந்தாம் மாடி மூலை வீட்டுத் தெமெனுகா அத்தையிடம் சாவியை வாங்கி, கீழ் வீட்டுக்காரர்களை இருவர் இருவராக மேலே அழைத்துப் போனாள். பூமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தையின் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் கையை வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். ஈரத்தில் கறுத்து, தொட்டால் கையோடு உதிர்ந்து வரும் சுவர். அந்த மாதத்திலேயே பதினேழு வீட்டுக் கையெழுத்து வந்துவிட்டது.

பாக்கி ஒரே ஒரு வீடு. பதினாலாம் எண். அவளுடைய அப்பா வீடு.

"அப்பா, இன்னைக்காவது..."

"அண்டாகிட்ட வந்து அதைப் பேசாத. அடிப்பிடிக்கும்."

"நான் பேசினா அடிப்பிடிக்குமா?"

"நீ பேசினா எனக்குக் கோவம் வரும். கோவம் வந்தா கை நிக்கும். கை நின்னா அடிப்பிடிக்கும்." ஸ்தாமென் துடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். "எட்டிப் போய் உக்காந்து தோலை உரி."

இஸ்க்ரா நகரவில்லை. "அடுப்புக்குப் பதிலா வேற சூடு தர்றாங்க. செலவும் பாதிதான். உங்க பால்கனியில இருக்கிற கரி மூட்டையைக்கூட நானே எடுத்துக் கீழ போடுறேன்."

"அந்தக் கரிதான் உன்னைப் படிக்க வச்சது."

"இல்லன்னு சொன்னேனா?"

"இந்த ஊர்க் கரிலதான் அந்தக் காலத்துல தலைநகர் சோஃபியாவுக்கே வெளிச்சம் போச்சு. இப்ப நாங்க புகையாம். நாங்க அழுக்காம்." அவர் குரல் ஏறவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இப்படி அடங்கிப் பேசுகிறவரிடம் என்ன செய்ய?

தோல் உரித்துக்கொண்டிருந்த தெமெனுகா அத்தை தலையை நிமிர்த்தினாள். "ஸ்தாமெனு, நான் ஒண்ணும் சொல்லல. போன குளிர்ல ரெண்டு சட்டைக்கு மேல கோட்டு, கோட்டுக்கு மேல கம்பளி. படுக்கப் போறேனா பனிமலைக்குப் போறேனான்னு எனக்கே சந்தேகம். நீ உன் அடுப்பைக் கட்டிட்டு அழு. நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லலைன்னு சொல்லியே எல்லாத்தையும் சொல்லிட்ட."

நாலு பேர் சிரித்தார்கள். ஸ்தாமென் சிரிக்கவில்லை. இந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று இஸ்க்ராவுக்குத் தெரியும். இவள் எங்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினாளே, தன் அப்பனை வழிக்குக் கொண்டுவர முடிந்ததா என்கிற சிரிப்பு. பல நாளாக மருந்துக்கடை வரைக்கும் அது அவள் பின்னாலேயே வருகிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அப்பா மேல் ஆத்திரமாக இருந்தது.

தரைத்தளத்து மெத்தோடி ஒரு கையில் ரக்கியாச் சாராயக் கோப்பையும் மறு கையில் இஸ்க்ராவின் பட்டியலுமாக மர பெஞ்சில் சாய்ந்திருந்தார். அவருக்கு எதையாவது சத்தமாகப் படித்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் மாத்திரை அட்டையையாவது படிப்பார்.

"ஒண்ணாம் எண், மெத்தோடி, அழகான கையெழுத்து. பக்கத்துல எங்க அக்கா. பாவம், கிரீஸ்ல தெசலோனிகியிலேருந்து பஸ் புடிச்சு வந்து போட்டுட்டுப் போனா. ஏன்னா நம்ம நிர்வாகி அம்மா சட்டம் பேசினாங்க. 'மாமா, உங்க அப்பா செத்துட்டாரு, அவர் பங்கு பிள்ளைங்க எல்லாருக்கும் போகும், எல்லாரும் நேர்ல வந்து போட்டாத்தான் செல்லும்'னு."

"அது சட்டம் மாமா."

"நான் என்ன இல்லன்னா சொன்னேன்?" அவர் விரல் பட்டியலில் கீழே கீழே இறங்கியது. "பதினாலாம் எண். ரெண்டு கோடு. ரெண்டும் காலி. ஸ்தாமென். நெவே..."

வாயில் வந்த பேரை அவர் முழுதாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே எல்லோருக்கும் கேட்டுவிட்டது. தோல் உரித்த கைகள் நின்றன.

நெவேனா, ஸ்தாமெனின் மனைவி, இஸ்க்ராவின் அம்மா. இறந்து இரண்டு வருஷமாகிறது. வாசல் கதவில் அவள் படம் போட்ட அஞ்சலித் தாள், போன மாதம் ஸ்தாமென் புதிதாக ஒட்டியது, இன்னும் ஓரம்கூடச் சுருளவில்லை. இந்தக் கட்டடத்துக்கு இருபது வருஷம் நிர்வாகியாக இருந்தவள் அவள்தான். யார் எந்த வீட்டில், யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று குடிப் புத்தகத்தில் உருண்டை உருண்டையாக எழுதி வைத்தவள். இறந்தவர் பேர் மேல் சிவப்பு மையால் கோடு இழுத்துப் பக்கத்தில் தேதி போடுவதும் நிர்வாகியின் வேலை.

இஸ்க்ரா பட்டியலை அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தட்டெழுதினாள். அம்மா பேரையும் தானே தட்டியிருக்கிறாள். ஆறு மாதமாக நாற்பது தடவையாவது பிரித்துப் பார்த்த தாள். பதினாலாம் எண்ணில் அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் காலிக் கோடு ஒன்றுதான்.

ஸ்தாமென் துடுப்பை எடுத்து, ஓரத்தில் தட்டி, மெத்தோடியிடம் நீட்டினார்.

"கிண்டு."

"நானா?"

"நிறுத்தாத. அடியிலேருந்து கிண்டு."

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். அண்டா வைக்க ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் துடுப்பை விட்டுப் போய் ஒருவரும் பார்த்ததில்லை. மெத்தோடி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கிண்ட ஆரம்பித்தார்.

இஸ்க்ரா இரண்டாம் மாடியில் தன் வீட்டுக்குள் நுழைந்து, குடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். பதினாலாம் எண் கதவு திறந்தே இருந்தது. அப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். கையில் தக்காளிச் சாறு காய்ந்துகொண்டிருந்தது.

அவள் எதிரே உட்கார்ந்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். பதினாலாம் பக்கம் முழுக்க அம்மாவின் எழுத்து. 'ஸ்தாமென், சுரங்கத் தொழிலாளி. நெவேனா, தையல்.' அதற்குக் கீழே இரண்டு பிள்ளைகள் பேர், இருவரும் கல்யாணம், வேலை என்று கிளம்பியபோது அம்மாவே போட்ட தேதிகள். அம்மா பேரின் மேல் கோடு இல்லை.

"தப்பு என்னோடதுப்பா. நான்தான் இழுத்திருக்கணும். என்னால முடியல, அப்படியே விட்டுட்டேன். விட்டது மறந்தும் போச்சு."

"எனக்கு மறக்கல."

"மூணு தடவை பட்டியலை மேல எடுத்துட்டு வந்தீங்க. மூணு தடவையும் காலியா திருப்பிக் குடுத்தீங்க. அடுப்புன்னீங்க, கரின்னீங்க. இதுதான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் உங்களை என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா?"

"என்ன நெனச்ச?"

"கல்லுன்னு நெனச்சேன்."

ஸ்தாமென் ஜன்னலைத் துளைத்துப் போகும் புகைக்குழாயைப் பார்த்தார். "அடுப்பும்தான். கரியும்தான். பொய் சொல்லல. ஆனா அடுப்பு மட்டும்னா போன மாசமே போட்டிருப்பேன். தெமெனுகா சுவத்தை நானும்தான் தொட்டுப் பாத்தேன்."

"நீங்களா? எப்ப?"

"நீ கடைக்குப் போனப்புறம்."

இஸ்க்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். "சேர்ந்தே இழுத்திடலாம்பா. கதவுல வருஷா வருஷம் படம் ஒட்டுறீங்க. ஊருக்கே தெரியும். புத்தகத்துல மட்டும் எதுக்கு?"

"அவ செத்தது எனக்குத் தெரியாதா? அதுக்கா நான் பயப்படுறேன்?" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "சட்டம் பேசுவியே, இப்பப் பேசு. அவ பேரை அடிச்சா அந்த எடத்துல யார் பேரு வரும்?"

அவள் பேனாவை மேஜையில் வைத்தாள்.

மெத்தோடியின் அக்காவைத் தெசலோனிகியிலிருந்து வரவழைத்தவள், நாலு வீட்டில் வாரிசுச் சட்டத்தை விரல் விட்டு எண்ணிக் காட்டியவள். அம்மாவின் பங்கு அப்பாவுக்கு, அவளுக்கு, பிறகு தம்பி கலினுக்கு. இந்தக் கணக்கைத் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

கலினை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே சுரங்கத்தில் மின்பணியாளனாக இருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே ஊர் மன்றத்தில் எழுந்து, "இந்தக் குழியை மூட நாமளே ஒரு நாள் குறிச்சு, அடுத்த வேலைக்கு வழி தேடணும். இல்லன்னா வேற எவனோ குறிப்பான், நாம தெருவுல நிப்போம்" என்றவன். நாற்காலிகள் பறந்தன. கூட்டத்தின் நடுவிலிருந்து ஸ்தாமென் எழுந்து, "இவன் எனக்குப் பிள்ளை இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த வாரமே கலின் ஜெர்மனிக்குப் போனான். அம்மாவின் சாவுக்குக்கூட வரவில்லை. அன்றைக்கே இஸ்க்ரா அவன் அழைப்பு வராதபடி அவன் எண்ணைத் தன் போனில் அடைத்து வைத்தாள். அது அப்படியே கிடக்கிறது.

"அவன் வர மாட்டான்பா." அவள் கசப்பாகச் சொன்னாள். "அம்மாவுக்கே வராதவன், அம்மா பங்குக்கா வரப் போறான்? ஒரு பிடி மண்ணு போட வராதவன்."

ஸ்தாமென் மேஜையிலிருந்து கையை எடுத்தார். திரும்ப வைத்தார். எடுத்தார்.

"வந்தான்" என்றார்.

"என்னது?"

"கிளம்பி வந்தான். அங்க ஏர்போர்ட்லேருந்து போன் பண்ணினான். டிக்கெட் கையில இருக்குன்னான். நான்தான் வராதன்னேன். நீ வந்தா உங்க அம்மா பெட்டிக்குப் பின்னால நான் நடக்க மாட்டேன்னேன். அவளை நான் இல்லாமலே கொண்டு போவாங்க, உனக்கு அது சம்மதமான்னு கேட்டேன்."

பின்பக்கத்திலிருந்து மெத்தோடி யாரையோ தண்ணீர் கொண்டுவரச் சொல்லும் குரல் கேட்டது.

"ரெண்டு வருஷம்" என்றாள். "ரெண்டு வருஷமா அவனை நான் வாயில வந்தபடி திட்டியிருக்கேன். கல்லறையில, நாப்பதாம் நாள்ல, வருஷ நாள்ல. உங்க முன்னாடி திட்டியிருக்கேன். நீங்க கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க."

"உக்காந்திருந்தேன்."

"எப்படிப்பா முடிஞ்சுது உங்களுக்கு?"

"முடியல. ஒவ்வொரு தடவையும் சொல்லிடலாம்னு வாயெடுப்பேன். நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

கல் என்று நினைத்தாளே, அந்த மனிதர் அழுதார். சத்தமில்லாமல், முகத்தைக்கூட மறைத்துக்கொள்ளாமல் அழுதார். இஸ்க்ராவுக்கு அவரை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, எழுந்து போய்விடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். அது அவ்வளவு சீக்கிரம் வருகிற காரியம் இல்லை.

ஸ்தாமென் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். நெவேனா என்ற பேரின் மேல் மெதுவாகக் கோடு இழுத்தார். பக்கத்தில் தேதி போட்டார். யோசிக்கக்கூட இல்லை, நேரத்தையும் சேர்த்து எழுதினார். காலை ஐந்து இருபது.

பிறகு பட்டியலை எடுத்து, மகள் பார்க்க, முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது கோட்டில் இருந்த பேரை அடித்துவிட்டு, கீழே இஸ்க்ராவின் பேரை எழுதினார், அவள் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்கும் கீழே கலின் பேரை எழுதினார்.

"உன் போன்ல கூப்பிடு. என்னுது எடுக்க மாட்டான்."

"என்னோடதையும் எடுக்க மாட்டான். நான் அடைச்சு வச்சிருக்கேன்."

"தொற."

திறந்தாள். எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, போனை மேஜை நடுவில் வைத்தாள். மணி அடித்தது. இரண்டு, மூன்று, நாலு. எடுக்க மாட்டான் என்று அவள் நினைத்த நேரத்தில் எடுத்தான்.

"அக்கா?" இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கும் குரல், மூச்சிரைத்தது. "அக்கா, என்னாச்சு? அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

இஸ்க்ரா அப்பாவைப் பார்த்தாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலப்பா" என்றார். "நான்தான் பேசுறேன்."

ஸ்தாமென் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"உங்க அம்மா பேரை இப்பதான் புத்தகத்துல அடிச்சேன். அந்த எடத்துல உன் பேரை எழுதியிருக்கேன். கட்டடத்துக்கு வேலை பாக்கப் போறாங்க. அடுப்பெல்லாம் போகுது. எல்லாரும் போட்டாச்சு, நானும் போட்டாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி. திங்கக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள நேர்ல வந்து போடணுமாம்."

கலின் பேசினான். "அப்ப கையெழுத்துக்குத்தான் கூப்பிடுறீங்க. என்னைக் கூப்பிடல."

ஸ்தாமென் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த மனிதராக இருந்தால் அந்த இடத்தில் கேட்டிருப்பார். அவருக்கு அது வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மெத்தோடி கத்துவது மாடிவரை கேட்டது. அடியில் பிடிக்குது, யாராவது ஸ்தாமென் அண்ணனைக் கூப்பிடுங்க என்று கத்தினார்.

"கீழ அண்டா ஏறியிருக்கு" என்றார் ஸ்தாமென். "அடிப்பிடிக்குதாம். கேக்குதா உனக்கு? நான் விட்டுட்டு வந்து உன்கூடப் பேசிட்டிருக்கேன்."

"துடுப்பு யார்கிட்ட?"

"மெத்தோடிகிட்ட."

"மெத்தோடி மாமாகிட்டயா?"

"ஆமா."

போனில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. தம்பி சிரிக்கிறானா, அழுகிறானா என்று இஸ்க்ராவுக்குப் பிடிபடவில்லை. கருகும் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை.